அன்டிக்ளேர்டாக உள்ளே போய்விட்டு அப்புறம் எஞ்சினியரிங்குக்கு மாறிக்கொள்ளலாமா?

கேள்வி
23 மார்ச் 2024, மாலை 6.12

ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறோம். மகன் பள்ளியில் முதல் 6 சதவீதத்துக்குள் வந்ததால் யூடி ஆஸ்டினில் (ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) இடம் உறுதி. ஆனால் அவன் கேட்ட எலெக்ட்ரிக்கல் அண்ட் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் கொடுக்கவில்லை, 'அன்டிக்ளேர்டு', அதாவது மேஜர் (முதன்மைப் பாடம்) முடிவாகாதவன், என்று போட்டிருக்கிறார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஜெனரல் எஞ்சினியரிங் கிடைத்திருக்கிறது. அங்கேயும் மேஜர் இன்னும் முடிவாகவில்லையாம். இரண்டும் ஒன்றுதானே? அப்படியானால் பெயருள்ள இடத்துக்கே போகலாமே என்கிறார்கள். "உள்ளே போய்விட்டால் ஒரு வருஷத்தில் மாறிக்கொள்ளலாம்" என்று ஆபீஸ் நண்பர் அடித்துச் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பே நடந்து ஆஸ்டின் ஜெயித்துவிட்டது. இந்த வழியில் போனவர்கள் யாராவது உண்டா? மகன் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான், அது ஏதாவது வித்தியாசமா?

23 மார்ச் 2024, இரவு 10.05

நான் போனேன் அண்ணா, அந்த வழியில். என் கதை அப்புறம். முதலில் கேள்விக்கு வருகிறேன்: இரண்டும் ஒன்றல்ல.

ஏ அண்ட் எம்மில் முதல் வருடம் எல்லாருமே ஜெனரல் எஞ்சினியரிங்தான். உங்கள் மகன் எஞ்சினியரிங் கல்லூரிக்குள் வந்துவிட்டான், எந்த அறை என்பதுதான் பாக்கி. முதல் வருட முடிவில் 'என்ட்ரி டு எ மேஜர்' என்று ஒரு சுற்று உண்டு. ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.75 அல்லது அதற்கு மேல் இருந்தால் கேட்ட முதல் மேஜர் தானாகக் கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் மதிப்பெண், கட்டுரை எல்லாம் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். கேட்டது கிடைக்காமல் போகலாம், ஆனால் எஞ்சினியர் ஆகாமல் போவது கடினம்.

யூடியில் அன்டிக்ளேர்டு என்பது ஸ்கூல் ஆஃப் அண்டர்கிராஜுவேட் ஸ்டடீஸ். 2008ல் தொடங்கியது, என்ன படிப்பது என்று தெரியாதவர்களுக்கு உண்மையிலேயே நல்ல இடம். ஆனால் உங்கள் மகனுக்கு என்ன படிப்பது என்று தெரியும். எஞ்சினியரிங் நடப்பது காக்ரெல் ஸ்கூலில். அங்கிருந்து இங்கே வர அவன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதே ஆசையோடு வரிசையில் நிற்கிற மற்றவர்களோடு போட்டி போட்டு. முதல் 6 சதவீதம் என்கிற சட்டம் பல்கலைக்கழகத்தின் கேட்டைத் திறக்கும், மேஜரின் கதவைத் திறக்காது. இதைப் பலர் கடிதம் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

ஒன்று வீட்டுக்குள் இருந்துகொண்டு மாடியா கீழ்த்தளமா என்று காத்திருப்பது. மற்றது தெருவில் நின்று காலிங்பெல் அடிப்பது.

24 மார்ச் 2024, காலை 7.30

காபி குடிக்கும்போது ஞாபகம் வந்தது. ஏ அண்ட் எம் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். காலேஜ் ஸ்டேஷன் ஊரிலுள்ள முக்கிய வளாகத்திலேயே முழுதாகவா, இல்லை 'எஞ்சினியரிங் அகாடமி' என்று போட்டிருக்கிறதா? அகாடமி என்றால் ஒரு கம்யூனிட்டி காலேஜோடு சேர்ந்து முதல் ஓரிரு வருடம். தப்பில்லை, செலவும் குறைவு. ஆனால் தங்கும் இடம், வகுப்பு எல்லாம் மாறும். சூட்கேஸ் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

24 மார்ச் 2024, இரவு 11.20

சரி, என் கதை.

2007ல் அப்பாவின் எச்-1பி வேலை விசாவில் தொற்றிக்கொண்டு வந்தேன், எனக்கு 14. 2011ல் மிட்வெஸ்டில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். எலெக்ட்ரிக்கலுக்குப் போட்டேன், அவர்கள் கலை அறிவியல் கல்லூரியில் அன்டிக்ளேர்டு கொடுத்தார்கள். அம்மாவுக்கு அந்த வார்த்தையை எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியாமல் ஊரில் எல்லாரிடமும் "எஞ்சினியரிங்தான், இன்னும் செக்‌ஷன் போடலை" என்று சொல்லிவிட்டார். ஒரு வருடம் நான் செக்‌ஷன் போடாத எஞ்சினியர்.

முதல் செமஸ்டர் கால்குலஸ் ஒன்று, கெமிஸ்ட்ரி எடுக்கவில்லை. அட்வைசர் தேவையில்லை என்றார். இரண்டாவது செமஸ்டர் கால்குலஸ் இரண்டும் பிசிக்ஸும். கால்குலஸில் சி ப்ளஸ். அந்தப் பேராசிரியர் வளைகோடு போட்டு, அதாவது வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டு, மார்க் கொடுப்பவர், வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கதி. ஜிபிஏ 3.31.

2012 மே மாதம் விண்ணப்பம் போட்டேன். முடிவு வரும் முன்பே, ஒரு நம்பிக்கையில், மூன்றாம் செமஸ்டர் எலெக்ட்ரிக் சர்க்யூட்ஸ் புத்தகம் வாங்கிவிட்டேன். 180 டாலர், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் புத்தகம். எச்-4ல் வேலை செய்ய முடியாது, அதனால் அது முழுக்க அப்பா காசு. ஜூன் மாதம் இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. 'இந்த முறை இடமளிக்க இயலவில்லை' என்பது ஒரு வரி, 'உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்' என்பது இன்னொரு வரி. காரணம் கேட்டுப் போனால் கெமிஸ்ட்ரி இல்லாததால் விண்ணப்பமே முழுமையானதில்லை என்றார்கள்.

உறை பிரிக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்தான். கொடுக்கவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியாது.

அடுத்த வருடம் கெமிஸ்ட்ரி முடித்து, இரண்டு மேஜர் பெயர் எழுதிப் போட்டேன். எலெக்ட்ரிக்கல் கிடைக்கவில்லை. இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங் கிடைத்தது. ஐந்து வருடத்தில், 2016 மே மாதம் பட்டம்.

26 மார்ச் 2024, மாலை 5.45

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதென்ன சிஸ்டம், சேரும்போதே கிளையைச் சொல்ல வேண்டாமா?" அங்கே கணிதம் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப், கவுன்சிலிங்கில் காலேஜும் கிளையும் ஒரே நேரத்தில் முடிவு. ஒரு நாள் வலி, அதோடு தீர்ந்தது. இங்கே அதே வலியை ஒரு வருடத்துக்கு மெல்லப் பரப்பிக் கொடுக்கிறார்கள். பதினேழு வயதில் முடிவெடுக்கத் தேவையில்லை என்பது நல்ல யோசனை. அந்த யோசனை இடம் காலியாக இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும்.

என் சித்தி மகன் 2017ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கே கலை அறிவியல் கல்லூரியில் யார் வேண்டுமானாலும் அன்டிக்ளேர்டாகச் சேர்ந்து, சிஎஸ் 61ஏ, 61பி, 70 என்று மூன்று பாடம் எடுத்து, அந்த மூன்றிலும் சேர்த்து 3.3 ஜிபிஏ வாங்கினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உன்னுடையது. போட்டியில்லை, கட்டுரையில்லை, கோடு தாண்டினால் போதும். இது நியாயமான முறை என்று எனக்குத் தோன்றும். பையன் 70ல் மூச்சுத் திணறிப் போனான், ஆனால் தாண்டிவிட்டான். உங்கள் நண்பர் சொல்வது போல "மாறிக்கொள்ளலாம்" என்பது இங்கே உண்மை.

27 மார்ச் 2024, காலை 8.02

தவறு. ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு அம்மா திருத்தியிருக்கிறார், நன்றி. அந்த 3.3 விதி 2022ல் சேர்ந்தவர்களோடு முடிந்தது. 2023 முதல் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சேரும்போதே நேரடியாக எடுக்கிறார்கள், வெளியே சேர்ந்தவர்கள் உள்ளே வர தனி மதிப்பீடு, இடமும் சொற்பம். ஆக நான் கொடுத்த ஒரே நம்பிக்கையான உதாரணமும் காலாவதி.

இதில்தான் ஆபத்து அண்ணா. இந்த மாதிரி அறிவுரை சொல்கிற எல்லாரும், என்னையும் சேர்த்து, தாங்கள் படித்த வருடத்து விதியைச் சொல்கிறோம். உங்கள் நண்பர் எந்த வருடத்து ஆள் என்று கேளுங்கள்.

27 மார்ச் 2024, இரவு 9.15

பெல்வியூ நண்பர் வாஷிங்டன் பல்கலைக்கழகம் பற்றி எழுதியிருப்பது சரி. 2018லிருந்து 'எஞ்சினியரிங் அன்டிக்ளேர்டு' என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். முதல் வருடத்தில் விருப்ப வரிசை எழுதிக்கொடுக்க வேண்டும், ஏதாவது ஒரு எஞ்சினியரிங் மேஜர் நிச்சயம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மட்டும் இடம் மிகக் குறைவு. பெயரில் அன்டிக்ளேர்டு என்று இருந்தாலும் இது ஏ அண்ட் எம் வகை, என் வகையல்ல. வார்த்தையைப் பார்க்காதீர்கள், எந்தக் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

30 மார்ச் 2024, மதியம் 2.30

"ஃபீஸ் கட்டத் தயாராக இருக்கிறார்கள், இன்னும் நாலு பெஞ்ச் போட்டால் என்ன?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். எனக்கும் பத்தொன்பது வயதில் அதே கோபம்.

பெஞ்ச் பிரச்சினையில்லை. சர்க்யூட் லேபில் ஆசிலோஸ்கோப் மேசை எத்தனை, அதைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் எத்தனை பேர், கடைசி வருட ப்ராஜெக்டுக்கு வழிகாட்ட ஆசிரியர் எத்தனை பேர் என்பதுதான் பிரச்சினை. அங்கீகாரம் கொடுக்கிற ஏபெட் ஆட்கள் வந்து ஆசிரியர், ஆய்வகம், இடவசதி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் பக்கம் ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதே கஷ்டம், கம்பெனிச் சம்பளத்தோடு பல்கலைக்கழகம் போட்டி போட முடியாது. ஏ அண்ட் எம் 2013ல் '25 பை 25' என்று அறிவித்தார்கள், 2025க்குள் 25,000 எஞ்சினியரிங் மாணவர்கள் என்று இலக்கு. உள்ளே விடுகிற கதவைப் பெரிதாக்கினார்கள். அப்படிப் பெரிதாக்கினால் எல்லாரும் அதே நாலு மேஜரைக் கேட்கும்போது உள்கதவில் நெரிசல் வரத்தானே செய்யும்?

நான் படித்து முடித்த இண்டஸ்ட்ரியலில் வரிசைக் கோட்பாடு என்று ஒரு பாடம் உண்டு. வரிசையில் நின்று தோற்றவள் வரிசையையே பாடமாகப் படித்தேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அதில் முதல் வாரமே சொல்லித் தருவது: ஒரே கவுன்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், கவுன்டர் 90 சதவீத நேரம் வேலையாக இருந்தால் சராசரியாக 9 பேர் அங்கே இருப்பார்கள். 95 சதவீதம் ஆனால் 19 பேர். ஐந்து சதவீதம்தான் கூடியது, கூட்டம் இரண்டு மடங்கு. என் அட்வைசரைப் பார்க்க ஏன் மூன்று வாரம் ஆனது, பார்த்தால் ஏன் பதினைந்து நிமிடத்தில் எழுப்பிவிட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதுவரை அவர் என்னை மட்டும்தான் வெறுக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

2 ஏப்ரல் 2024, இரவு 12.10

தூக்கம் வரவில்லை. 24ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டு இடத்தில் எனக்குச் சாதகமாக எழுதியிருக்கிறேன்.

கெமிஸ்ட்ரி. அட்வைசர் தேவையில்லை என்று சொன்னது உண்மை. ஆனால் நான் அவரிடம் கேட்டது "கணிதத்தில் மேஜர் செய்ய கெமிஸ்ட்ரி வேண்டுமா" என்று. எஞ்சினியரிங்குக்கு மாறப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஒருவேளை கிடைக்காவிட்டால் என்று. கலை அறிவியல் கல்லூரி அட்வைசர் தன் கல்லூரி விதியைச் சொன்னார். எஞ்சினியரிங் கல்லூரியின் பக்கத்தில் தேவையான பாடங்கள் பட்டியலாகவே இருந்தன. பத்து மாதத்தில் நான் அதைத் திறந்து பார்த்தது விண்ணப்பம் போட்ட அன்று.

கால்குலஸ் இரண்டு. வளைகோடு எல்லாம் சரி. அது காலை எட்டு மணி வகுப்பு. ஜனவரி, பிப்ரவரியில் வெளியே மைனஸ் இருபது. தங்கியிருந்த இடத்திலிருந்து இருபது நிமிட நடை. வாரம் ஒரு நாள் போனேன், பிறகு அதுவுமில்லை. தொடர்கள் வருகிற அத்தியாயம் முழுவதையும் நான் பார்த்ததே இல்லை. சி ப்ளஸ் கொடுத்ததே அந்த மனிதரின் இரக்கம்.

ஆகவே உங்கள் மகனுக்கு இரண்டு விஷயம். மாறப் போகிற கல்லூரியின் அட்வைசரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், இருக்கிற கல்லூரியின் அட்வைசரை மட்டும் நம்ப வேண்டாம், "எனக்கு இதுதான் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, எட்டு மணி வகுப்பு வேண்டாம். இதில் இரண்டாவதுதான் முக்கியம்.

6 ஏப்ரல் 2024, காலை 10.00

எச்-4 கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும். அந்தப் பகுதியை எழுத எனக்குக் கொஞ்சம் கசப்பு.

21 வயது ஆனதும் எச்-4 போய்விடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால், நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் வராது, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எனக்கு அது 2014ல், மூன்றாம் வருடத்தில் வந்தது. எஃப்-1 என்றால் ஐ-20 என்கிற தாளில் மேஜர் பெயர் இருக்கும், மேஜர் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட். "இந்தப் பாடம் சரியில்லை, விட்டுவிடுகிறேன்" என்கிற சுதந்திரம் குறையும்.

பெரிய விஷயம் பட்டம் முடித்த பிறகு. ஓபிடி என்கிற திட்டத்தில் எஃப்-1 மாணவர் எல்லாருக்கும் 12 மாதம் வேலை அனுமதி. பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், எஞ்சினியரிங், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். நான் முடித்த அதே 2016 மே மாதம் 10ஆம் தேதிதான் அது 17லிருந்து 24 ஆனது. வாழ்க்கையில் எனக்கு நேரம் சரியாக அமைந்த ஒரே சந்தர்ப்பம். எச்-1பி குலுக்கலில் ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை பெயர் போட முடிந்தது, மூன்றாவது முறை விழுந்தது. மேஜர் கிடைக்காமல் வேறு ஏதோ ஒரு பட்டத்தோடு வெளியே வந்திருந்தால், அது ஸ்டெம் பட்டியலில் இல்லாவிட்டால், நான் 2017ல் ஊருக்கு விமானம் ஏறியிருப்பேன். அதனால் சொல்கிறேன், எச்-4 பிள்ளைக்கு "பார்த்துக்கொள்ளலாம்" என்கிற வழி மற்றவர்களைவிட விலை அதிகம்.

டெக்சாஸுக்கே உரிய இரண்டு சட்டம் உண்டு, இவை எல்லாருக்கும் பொருந்தும். ஒன்று, 2007லிருந்து அரசுக் கல்லூரிகளில் மொத்தப் படிப்பிலும் ஆறு பாடம்தான் நடுவில் விட முடியும். ஜிபிஏவைக் காப்பாற்ற விட்டுக்கொண்டே போனால் கையிருப்பு தீர்ந்துவிடும். இன்னொன்று, பட்டத்துக்குத் தேவையானதைவிட 30 கிரெடிட் மணி அதிகமானால் மாநில மாணவருக்கான சலுகைக் கட்டணத்தை எடுத்துவிட்டு வெளிமாநிலக் கட்டணம் போட அனுமதி உண்டு. அன்டிக்ளேர்டாக ஒரு வருடம் சுற்றியவன், மாறி, மறுபடி மாறினால் இந்தக் கோட்டைத் தொடுவது கஷ்டமேயில்லை.

14 ஏப்ரல் 2024, காலை 9.00

எல்லாருக்கும் சித்திரை வாழ்த்து. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கிடைக்காமல் வெந்தயம் போட்டேன். இரண்டாவது சாய்ஸ்.

28 ஏப்ரல் 2024, இரவு 8.50

முடிவு எடுத்துவிட்டீர்கள் என்று பார்த்தேன். ஏ அண்ட் எம். வாட்ஸ்அப் ஓட்டெடுப்பை மீறியதற்கு வாழ்த்துகள், இனி எது நடந்தாலும் "நான் அன்னைக்கே சொன்னேன்" வரும், தயாராக இருங்கள். ஃபாஃப்சா என்கிற கல்வி உதவி விண்ணப்பத்தின் குழப்பத்தால் இந்த வருடம் பல இடங்களில் கடைசித் தேதியைத் தள்ளியிருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், உண்மைதான், ஆனால் உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மகன் ஏபி கால்குலஸ் பிசி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) எழுதுகிறான் என்றீர்கள். 5 வாங்கினால் மேத் 151 என்கிற முதல் கால்குலஸ் பாடத்தைத் தாண்டி நேராக மேலே போகலாம். போகலாமா என்பது வேறு கேள்வி. ஏபி கிரெடிட்டுக்குக் கிரேடு கிடையாது, ஜிபிஏவில் சேராது. அதாவது சுலபமான 'ஏ'யைத் தூக்கி எறிந்துவிட்டு, கடினமான பாடங்களின் மார்க்கால் மட்டும் எடைபோடப்படுவான். 151ஐத் திரும்ப எடுத்தால் ஒரு 'ஏ' கையில், ஆனால் 'தெரிந்ததுதானே' என்று அசட்டையாக இருந்து 'பி' வாங்கியவர்களும் நிறைய. நான் அவன் இடத்தில் இருந்தால் 151ஐ எடுத்துக்கொள்வேன். எட்டு மணிக்கு அல்ல.

எஞ்சினியரிங் 102 என்று பைத்தான் பாடம் ஒன்று முதல் செமஸ்டரில் வரும். கோடையில் இரண்டு வாரம் அதைத் தொட்டுப் பார்த்திருந்தால் பின்னால் நிம்மதி.

11 அக்டோபர் 2024, இரவு 11.40

ஐந்து மாதமாக இங்கே எதுவுமில்லை, இன்றைக்கு நாலு பதிவு. அண்ணாவின் மகன், தம்பியே வந்து எழுதியிருக்கிறான், "அக்கா, 151 முதல் தேர்வில் 78" என்று.

ஒரு தேர்வு. பதறாதே. வகுப்பில் இரண்டு மூன்று தேர்வும் பெரிய ஃபைனலும் இருக்கும். ஏபியில் நீ கால்குலேட்டர் வைத்துப் போட்ட கணக்கைக் கையால் போடச் சொல்கிறார்கள், தெரிந்த கணக்குதான், கை மட்டும் மெதுவாகிவிட்டது. பழைய தேர்வுத்தாள் கிடைத்தால் கடிகாரம் வைத்துப் போடு. உதவி மையத்துக்குப் போக வெட்கப்படாதே. அப்பாவிடம் மார்க் சொல்லிவிட்டாயா? அவர் இதைப் படிப்பார், நினைவிருக்கட்டும்.

11 அக்டோபர் 2024, இரவு 11.58

படித்துவிட்டாராம்.

22 டிசம்பர் 2024, மாலை 4.20

முதல் செமஸ்டர் 3.61. கெமிஸ்ட்ரியில் 'பி', 151ல் 'பி', மற்றதெல்லாம் 'ஏ'. அண்ணா எழுதியிருப்பதில் துக்க வீட்டுத் தொனி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இரண்டு செமஸ்டரும் ஒரே அளவு கிரெடிட் என்றால், மொத்தம் 3.75 வர அடுத்ததில் 3.89 வேண்டும். முடியாததில்லை, ஆனால் மேத் 152ம் பிசிக்ஸ் 206ம் ஒன்றாக இருக்கிற செமஸ்டரில் அதை நம்பிக் குடியிருக்க வேண்டாம்.

151ஐத் திரும்ப எடுக்கச் சொன்னது நான். அந்த 'பி' என் தலையில். ஏபி கிரெடிட் வாங்கிக்கொண்டு போயிருந்தால் இப்போது ஜிபிஏ கொஞ்சம் கூடவே இருந்திருக்கும். இருந்திருக்குமா? நேராக மேலே போய் அங்கே 'சி' வாங்கியிருந்தால்? தெரியாது. இருந்தாலும் ஏப்ரலில் நான் அவ்வளவு உறுதியாக எழுதியிருக்க வேண்டாம்.

19 ஜனவரி 2025, மதியம் 1.15

தம்பி விருப்ப வரிசை எப்படி எழுதுவது என்று கேட்கிறான். முதலாவது கம்ப்யூட்டர் எஞ்சினியரிங், அதில் மாற்றமில்லை. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் "எதையாவது போடுகிறேன்" என்கிறான். அதுதான் நான் செய்தது. 2013ல் இண்டஸ்ட்ரியலை எழுதியபோது அது என்ன படிப்பு என்றே எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் ஹெல்மெட் போட்டு நிற்பார்கள் என்று நினைத்தேன். நல்லவேளையாகப் பிடித்துப்போனது. அது அதிர்ஷ்டம், அதைத் திட்டம் என்று யாருக்கும் விற்க மாட்டேன்.

எலெக்ட்ரிக்கலின் பாடத்திட்டத்தையும் கம்ப்யூட்டரின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். சர்க்யூட்ஸ், சிக்னல்ஸ், டிஜிட்டல் என்று நிறைய பொது. எலெக்ட்ரிக்கலில் இருந்துகொண்டு புரோகிராமிங் பாடங்களை விருப்பப் பாடமாக எடுக்கலாம். அந்தத் துறைகளில் மூன்றாம் வருடம் படிக்கிற யாரையாவது பிடித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போன வாரம் என்ன செய்தாய் என்று கேள். துறை நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே கம்ப்யூட்டர் என்றால் உயிர்" வேண்டாம். 102 வகுப்பில் குழுவாகச் செய்த ப்ராஜெக்டில் எது உடைந்தது, நீ எப்படிச் சரிசெய்தாய் என்று எழுது. ஒவ்வொரு மேஜருக்கும் தனியாக எழுது, பெயரை மட்டும் மாற்றி ஒட்டாதே. எலெக்ட்ரிக்கல் கட்டுரையில் 'கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் துறையில் சேர' என்று விட்டுவிட்டு அனுப்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அது யார் என்று கேட்க வேண்டாம்.

12 ஜூன் 2025, இரவு 9.30

முடிவு வந்துவிட்டது. மொத்த ஜிபிஏ 3.68, எலெக்ட்ரிக்கல். அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன், "ஆஸ்டினுக்கே போயிருக்கலாமோ" என்று. அந்தக் கேள்வி இன்னும் இரண்டு வருடம் போகாது. ஆனால் அங்கே போயிருந்தால் இந்த வாரம் அவன் காக்ரெலின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பான், எலெக்ட்ரிக்கல் கிடைத்தால் லட்டு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

தம்பி எழுதியது மூன்றே வரி: மூன்றாம் வருட அண்ணன் ஒருவர் லேபைக் காட்டினார், ரேடியோ வேலை பிடித்திருக்கிறது, சர்க்யூட்ஸ் புத்தகம் பழையது யாரிடமாவது கிடைக்குமா.

13 ஜூன் 2025, காலை 7.10

கிடைக்கும். அலமாரியின் மேல்தட்டில், 2012ல் வாங்கியது, உறை இன்னும் பிரிக்கவில்லை. மூன்று வீடு மாறியபோதும் கூடவே வந்தது. உள்ளே இருக்கிற ஆன்லைன் குறியீடு இத்தனை வருடத்தில் செத்திருக்கும், பதிப்பும் பழையது, அதனால் வீட்டுப்பாடக் கணக்கு எண்கள் ஒத்துப்போகாது. ஓம் விதி மாறியிருக்காது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு, சனிக்கிழமை தபாலில் போடுகிறேன்.